ஆறாவது மாடியில் ஒரு கொம்பேறி மூக்கன்

வீட்டில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தபடியே சாப்பிடுவாள் என்பதற்காக அண்ணன் வைத்த பெயர் அது. கல்யாணமாகிப் போன வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஆனால் முதல் வாரத்திலேயே நாத்தனார், "அண்ணி, நீங்க உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே" என்று ஆரம்பித்தாள். விசாரித்ததில் பழைய பெயர் வெளியே வந்து இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

ஒரு இடத்தில் இருக்க முடியாதது அவளுக்கு ஒரு வியாதி மாதிரி. சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தால் போதும், உள்ளங்காலில் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். அச்சகத்தில் தாள் மடிக்கப் போனாள். கை மடித்துக்கொண்டிருக்கும், கண் வாசலில் இருக்கும். மருந்துக்கடை, துணிக்கடை எதுவும் நிலைக்கவில்லை. மாமியார் "இந்த வேலையாவது ஒழுங்கா இருக்கா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அடுத்து எங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

கடைசியில் அவளுக்கென்றே ஒரு தொழில் அகப்பட்டது. அலுவலகங்களுக்குத் தொட்டிச் செடிகளை வாடகைக்கு விடுவது. ஊருக்கு வெளியே ஒரு நர்சரியில் செடி எடுப்பாள். நர்சரி வண்டி கொண்டுபோய் இறக்கிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றுவது, இலை துடைப்பது, வாடியதை மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. தோளில் ஒரு பை, அதில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயர், கத்தரி, பழைய பனியன் துணி. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடம், ஒரு லிஃப்ட்டிலிருந்து இன்னொரு லிஃப்ட். எங்கேயும் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. எல்லோருக்கும் செடியக்கா ஆனாள். வருஷங்கள் ஓடின. மாமியார் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்.

அவளிடமிருந்த இடங்களிலேயே பெரியது, சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றின் ஆறாவது மாடி அலுவலகம். அங்கே மேலாளருக்கு மண் என்றாலே ஆகாது. மேஜையில் ஒரு எறும்பைப் பார்த்தால்கூடச் செடியைத்தான் முறைப்பார்.

"பேசாம பிளாஸ்டிக் செடி வாங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன். தண்ணி வேண்டாம், மண்ணு வேண்டாம், பூச்சி வராது" என்றார் ஒருநாள்.

"சார், பிளாஸ்டிக்ல தூசிதான் வரும். என் செடியில எதுவும் வராது, நான் பொறுப்பு" என்றாள் செடியக்கா. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "பூச்சிக்கே இப்படிப் பயப்படறீங்களே, பாம்பா வந்துடப்போகுது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்துவிட்டு, வரவேற்பறைக்கு ஒரு பெரிய மரமாகவே கொண்டுவரச் சொன்னார்.

மரம் வந்தது. ஆளைவிட உயரம், அடர்த்தியான தலை, கண்ணாடி போல மினுக்கும் சின்னச் சின்ன இலைகள். நர்சரி ஆட்கள் அதை வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன பிறகு, ஒடிந்த குச்சிகளை வெட்டலாம் என்று அவள் கிளைகளை விலக்கினாள். உள்ளே ஒரு குச்சி மட்டும் தானாக நகர்ந்தது. விரல் கனம்கூட இல்லை. செம்பு நிறம், பக்கவாட்டில் வெண்மஞ்சளாய் ஒரு கோடு. வால் நுனி ஒரு இலைக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது.

கத்தரி கையில் அப்படியே நின்றது. செடியோடு இவ்வளவு காலம் புழங்கினாலும் அவளுக்குப் பாம்பென்றால் உயிர் போய்விடும். மண்புழுவைக்கூடக் குச்சியால்தான் தள்ளுவாள்.

"என்னக்கா, மரம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள் வரவேற்பில் இருக்கும் பெண். மாசமாக இருந்தாள், ஏழாம் மாதமோ என்னவோ. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே இலைகள் கவிந்திருந்தன.

"நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள் செடியக்கா. அந்தப் பொய் வாயிலிருந்து விழுந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

வெளியே வந்து நர்சரிக்காரருக்கு ஃபோன் போட்டாள். அவர் சாவகாசமாக, "பச்சையைப் பார்த்துப் பார்த்து உனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்றார். அவளுக்கும் அதை நம்ப ஆசைதான்.

மறுநாள் காலையில் அலுவலகம் திறக்கும்போதே போய் நின்றாள். வழக்கமாக வாரத்தில் இரண்டு தடவை வருகிறவள். தொட்டிக்கு அடியில் பார்த்தாள். மேஜைக்கு அடியில், கோப்பு அலமாரிக்குப் பின்னால், கழிவறை மூலையில் எல்லாம் குனிந்து குனிந்து தேடினாள். யாராவது கேட்டால் இலை துடைக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். வாசல் காவலாளி, "என்னக்கா, சம்பள லிஸ்ட்ல உங்க பேரையும் சேர்த்துட்டாங்களா?" என்று கேலி செய்தார்.

மற்ற இடங்களில் செடிகள் வாடின. ஒரு வங்கியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஆறாவது மாடி நினைவு வரும். தண்ணீர் தொட்டியைத் தாண்டித் தரையில் ஓடும். தெருவில் நடக்கும்போது கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பாள், ஏதோ அங்கிருந்து கூச்சல் கேட்கும் என்பது போல. வீட்டில் பாத்திரம் துலக்கி முடித்ததையே மறுபடி துலக்கினாள்.

அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், அவசரப்படாத மனிதர். "நீ சும்மாவே சுத்துவ. இப்போ யாரோ கயிறு போட்டு விட்ட மாதிரி சுத்துறியே, என்ன விஷயம்?" என்றார்.

சொன்னாள்.

"செம்பு நிறம், ஒல்லியா, மரத்துல இருந்துச்சா? அப்போ கொம்பேறி மூக்கன்தான். கடிச்சிட்டு மரத்து உச்சியில ஏறி, ஆளு செத்தானான்னு பார்த்துக்கிட்டே இருக்கும்னு சொல்வாங்க."

"ஆறுதல் சொல்றீங்களா, அடி வயித்தைக் கலக்குறீங்களா?"

"சொல்வாங்கன்னுதானே சொன்னேன். லிஃப்ட் குழியில பாம்பு விழுந்தா நாங்க ஒரு அம்மாவைக் கூப்பிடுவோம். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காங்க. நம்பர் தரேன், அவங்களைக் கேளு."

கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் கேட்டால் அது உண்மையாகிவிடும். இன்னும் ஒருநாள் தேடிப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டாள். அந்த ஒருநாள் வாரம் தாண்டிப்போனது.

ஒரு காலையில் மரத்தின் உட்கிளையில் ஏதோ தொங்கியது. மெல்லிய, ஒளி ஊடுருவும் நாடா போல. சொரசொரப்பான கிளைக் கணுவில் ஒரு முனை மாட்டியிருந்தது. பாம்புச் சட்டை. தொடக் கை வரவில்லை. பனியன் துணியால் மூடிப் பிடித்து உருவிப் பையில் போட்டாள். பையைத் தோளில் மாட்டவும் மனமில்லாமல் கையை நீட்டி, ஏதோ சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போலத் தூக்கிக்கொண்டு நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள்.

அங்கே கணவர் சொன்ன அந்தப் பயிற்சிக்காரம்மா கிளம்பத் தயாராக இருந்தார். ஓட்டப் பழகுகிறவர் ஒரு தையல்காரர், ஏற்கெனவே வேர்த்துப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பின்னாடி ஏறுங்கக்கா, போய்க்கிட்டே பேசலாம்" என்றார் பயிற்சிக்காரம்மா.

வண்டி துள்ளித் துள்ளி நகர்ந்தது. பயிற்சிக்காரம்மா சட்டையை மடியில் விரித்துத் தலைப் பக்கத்தை விரலால் நீவினார்.

"பாருங்க, கண்ணு இருந்த இடம் எவ்வளவு பெரிசு. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணு மேல இருக்கிற தோலும் சேர்ந்து கழண்டு வந்துடும். பெரிய கண்ணு, நீள வாலு. கொம்பேறி மூக்கனேதான். விஷமே கிடையாது. சார், கிளட்ச்சை மெதுவா விடுங்க, அது ஓடிப்போகாது."

"கடிக்காதா?"

"பிடிச்சா கடிக்கும். நம்மளைப் பிடிச்சு இழுத்தா நாம சும்மா இருப்போமா? முள் கீறின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். செத்தானான்னு பார்க்க மரம் ஏறுதுங்கிறதெல்லாம் கதை. அதுக்கு வீடே மரம். வேற எங்க ஏறும்?"

"அப்போ இத்தனை நாளா நான் தேடினேனே, ஏன் கண்ணுல படலை?"

"எங்க தேடினீங்க?"

"மேஜைக்கு அடியில, அலமாரிக்கு அடியில…"

பயிற்சிக்காரம்மா சிரித்தார். "கீழ தேடினா எப்படிக் கிடைக்கும்? அது தரைக்கு வர்றதே அபூர்வம். தலைக்கு மேல பாருங்க. பகல்லதான் நடமாடும். ராத்திரி மெல்லிசான கிளை நுனியில சுருண்டு தூங்கும், வேற ஏதாவது ஏறி வந்தா கிளை ஆடும்ல, முழிச்சுக்கும். சட்டை கழட்டுறதுக்கு முன்னாடி சில நாள் கண்ணு மங்கிப் பால் மாதிரி ஆயிடும். அப்போ பயந்து ஒளிஞ்சே கிடக்கும். இப்போ கழட்டிடுச்சு, பார்வை தெளிஞ்சிடுச்சு. இனிமே சும்மா இருக்காது, சுத்தும். சார், பிரேக்."

வண்டி நின்ற வேகத்தில் செடியக்காவின் நெற்றி முன் சீட்டில் இடித்தது.

"இப்பவே வந்து பிடிச்சுத் தரட்டுமா?" என்று பயிற்சிக்காரம்மா கேட்டார். செடியக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாராவது பயத்தில் அடித்தும் விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும், காவலாளியிடம் சொல்லித் திறந்து பார்க்கலாம் என்று பேசி முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரை அவளால் பொறுக்க முடியவில்லை. விஷம் இல்லை என்று தெரிந்ததில் பாதிப் பாரம் இறங்கியது, மீதிப் பாதி ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த மாசமான பெண்ணின் தோளில் அது வந்து விழுந்தால்? விஷம் வேண்டாம், அதிர்ச்சியில் அவள் நாற்காலியோடு சாய்ந்தால் போதாதா? வெள்ளிக்கிழமை காலை நேராக வரவேற்பு மேஜைக்குப் போய் நின்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. பதறாம கேளு. நீ கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கத்து மேஜையில உட்காரு. இந்த மரத்துல…"

"பாம்பு இருக்கு" என்றாள் அந்தப் பெண், ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு. "தெரியும்க்கா. நான் பார்த்து ரெண்டு மூணு நாளாச்சு."

செடியக்கா தோள்பையை மேஜை மேல் இறக்கி வைத்தாள்.

"நீங்க இலைக்குத் தண்ணி தெளிச்சிட்டுப் போனீங்கல்ல? கொஞ்ச நேரத்துல தலையை நீட்டி, இலை நுனியில இருக்கிற சொட்டைக் குடிச்சுது. எனக்கு முதல்ல உடம்பெல்லாம் நடுங்குச்சு. எழுந்து ஓடலாம்னா இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுறது? அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்துச்சு. என்ன கண்ணுக்கா அது. நேத்து டியூப் லைட்டுக்குப் பின்னாடி இருந்த பல்லியைப் பிடிச்சுது. அப்போ கழுத்து கொஞ்சம் உப்புச்சு, செதிலுக்கு நடுவுல நீலமாத் தெரிஞ்சுது. நான் அப்படி ஒரு நீலத்தைப் பார்த்ததே இல்லை."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா அடிச்சுடுவாங்க. உங்களையும் போகச் சொல்லிடுவாங்க. நீங்க வேற தினம் வந்து தேடிக்கிட்டே இருந்தீங்க. எப்படியும் பிடிச்சுடுவீங்கன்னு இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் இவள் அவளுக்காகப் பயந்தாள், அவள் இவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். செடியக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"இப்போ எங்க இருக்கு?"

"அதான் தெரியலை. காலையிலேர்ந்து மரத்துல காணோம்."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே கூட்ட அறையில் நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு ஆட்கள் வெளியே வந்து விழுந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் இருவர், கணக்குப் பிரிவுக்காரர்கள், கடைசியாக மேலாளர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாம்பு. திரைச்சீலையில பாம்பு" என்றார்.

செடியக்கா எட்டிப் பார்த்தாள். வெயில் விழும் பெரிய ஜன்னல். பாம்பு திரைக் கம்பியின் மேல் நீளமாகக் கிடந்தது. வெளியே, கண்ணாடிக்கு அப்பால், பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடித் தோட்டத்தில் ஒரு மரத்தின் உச்சி அசைந்துகொண்டிருந்தது. பாம்பு கம்பியின் ஓரம் வரை போகும், மூக்கால் கண்ணாடியை முட்டும், திரும்பும், மறு ஓரம் வரை போகும், மறுபடி முட்டும். நிற்கவே இல்லை.

கணக்குப் பிரிவில் ஒருவர் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றிக்கொண்டு வந்தார். இன்னொருவர் கையில் குடை.

"வழி விடுங்கக்கா. கொம்பேறி மூக்கன் அது, விட்டா வம்பு."

அவள் எப்படி அதைச் செய்தாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தி, கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். அறையில் அவளும் பாம்பும் மட்டும். வெளியே கதவைத் தட்டினார்கள்.

"திற. உனக்கு ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" மேலாளரின் குரல்.

"விஷம் இல்லாத பாம்பு சார். என் மரத்துல வந்தது. நான்தான் பொறுப்புன்னு சொன்னேன்ல, ஆள் வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

பயிற்சிக்காரம்மாவின் நம்பரைச் சொல்லி, ஃபோன் போட வரவேற்புப் பெண்ணிடம் கத்தினாள். பிறகு நின்றாள். வாழ்க்கையில் ஒரு இடத்தில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றது அதுதான் முதல் தடவை. பாம்பு அவளைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. ஒரு தடவை மட்டும் திரும்பி, தலையை உயர்த்தி, நாக்கை நீட்டிப் பார்த்தது. கண்ணின் குறுக்கே மை தீட்டியது போலக் கறுப்புக் கோடு. அவளுக்கு அதன் பேரில் இரக்கம் வந்தது, ஆனால் பயம் போகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பயிற்சிக்காரம்மா வரத் தாமதமாயிற்று. தையல்காரர்தான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், மூன்றாவது கியருக்கு மேல் போக மறுத்துவிட்டாராம். பயிற்சிக்காரம்மா ஒரு துணிப்பையோடு உள்ளே வந்து, நாற்காலி மேல் ஏறி, நடு உடம்பில் மெதுவாகக் கையைக் கொடுத்தார். பாம்பு கழுத்தை உப்பியது. செதில்கள் விலகின. செம்புக்கு நடுவே அந்த நீலம் எட்டிப் பார்த்தது. கதவிடுக்கில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த நொடி அது பயிற்சிக்காரம்மாவின் கட்டைவிரலைக் கடித்தது.

யாரோ, "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்றார்கள்.

"எதுக்கு? கொஞ்சம் பஞ்சு இருந்தா குடுங்க" என்றார் அவர். இரண்டு மூன்று ரத்தப் புள்ளிகள். பையின் வாயைக் கட்டிவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் அவர் மயங்கி விழுவார் என்று காத்திருந்தார்கள். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வண்டி தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கிறது என்று கிளம்பினார்.

மேலாளர் செடியக்காவைத் தனியே கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"வாலைப் பார்த்தேன் சார். சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகம் வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். விஷப் பாம்பா இருந்திருந்தா?"

அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. அந்த மாதத்தோடு செடிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சரி என்றாள்.

அன்று மத்தியானமே பையோடு நர்சரிக்குப் போனார்கள். பாம்பை அது வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட வேண்டும், தெரியாத காட்டில் விட்டால் தடுமாறும் என்றார் பயிற்சிக்காரம்மா. நர்சரிக்காரர் பையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "நான் இருக்காதுன்னுதானே நினைச்சேன்" என்றார்.

வேலிக்கு அப்பால் மரங்கள் அடர்ந்திருந்தன. பையை ஒரு கிளையில் சாய்த்து வாயைத் திறந்ததும் முதலில் தலை வந்தது. சற்று நின்றது. பிறகு ஒரு இழுப்பு. கிளையிலிருந்து கிளைக்கு, ஒரு இலைகூட ஒடியாமல், தண்ணீர் மேல்நோக்கி ஓடுவது போல ஏறியது. ஒரு கவட்டையில் நீட்டி அசையாமல் கிடந்தது. செடியக்கா கண்ணை எடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனாலும் எது குச்சி, எது பாம்பு என்று தெரியாமல் போயிற்று.

"இங்கதான் குட்டி போடுமா?" என்று கேட்டாள்.

"முட்டை. மரப்பொந்துல ஏதாவது ஈரமான இடமாப் பார்த்து வைக்கும். வச்சிட்டுப் போயிடும். குஞ்சு பொரிஞ்ச அன்னிக்கே தன் வழியைத் தானே பார்த்துக்கும்."

"பக்கத்துல இருக்கவே இருக்காதா?"

"இருக்காது."

ஆறாவது மாடி போனபின் சில மாதம் அவளுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. வேறு இடங்கள் தேடி அலைந்தாள். அலைவது அவளுக்குப் புதிதில்லை. அந்த வரவேற்புப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவள் வேலையை விட்டுவிட்டு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு பல் மருத்துவமனையில் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே அங்கே செடி வேண்டுமென்று பேசி, செடியக்காவைக் கூப்பிட்டாள். இப்போதெல்லாம் செடியக்கா ஒவ்வொரு மரத்தையும் வண்டியில் ஏற்றும் முன் நிமிர்ந்து, இலை இலையாகப் பார்க்கிறாள். நர்சரிக்காரர் பொறுமையிழந்து வண்டி ஹாரனை அடிக்கிறார். "அடிங்க, பாம்புக்குக் காதே கிடையாது" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பார்க்கிறாள்.

பயம் போய்விட்டதா என்று நாத்தனார் கேட்டாள். போகவில்லை என்றுதான் சொன்னாள். மண்புழுவை இன்னும் குச்சியால்தான் தள்ளுகிறாள்.

சொந்தமாக ஒரு சின்ன வண்டி எடுத்துச் செடிகளைத் தானே கொண்டுபோகலாம் என்று டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்திருக்கிறாள். முதல் டெஸ்ட்டில் தேறவில்லை. சாலையோர மரங்களையே அண்ணாந்து பார்த்து ஓட்டினாளாம். அதிகாரி இறங்கும்போது, "ரோடு கீழ இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.